ரத்தம் வெளியூர், வேர் உள்ளூர்: ஹோல்ஸ்டைனர் குதிரையின் கதை

எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனியின் வடக்கே, கடலோரத்தில், கீல் என்று ஒரு ஊர். அங்கே ஒரு குதிரைக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ராஜாவுக்கோ தளபதிக்கோ சிலை வைக்கும்போது காலடியில் குதிரையும் சேர்ந்து வருமே, அப்படி இல்லை, குதிரைக்கென்றே வைத்த சிலை, அதுவும் அது உயிரோடு இருந்தபோதே. பெயர் மீட்டியோர். 1943-இல் பிறந்தது. ஃபிரிட்ஸ் தீடமன் என்ற வீரர் ஏறி, தடை தாண்டும் போட்டியில் 1952 ஒலிம்பிக்கில் தனிநபர் வெண்கலம், 1956-இலும் 1960-இலும் அணிக்கான தங்கம் வாங்கிய குதிரை. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'குண்டன்'. படத்தைப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும். தடித்த கழுத்து, பெருத்த உடம்பு, வண்டியில் பூட்டினால் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றும்.

இப்போது 1992, பார்சிலோனா. லுட்கர் பேயர்பாம் ஏறிய கிளாசிக் டச் என்ற பெண் குதிரை தனிநபர் தங்கம் வாங்குகிறது. அதே ஒலிம்பிக்கில், அணிப் போட்டியின் நடுவில் அதன் கடிவாளம் அறுந்துபோய், கட்டுப்படுத்த வழியில்லாமல் அவர் ஓடுகிற குதிரையிலிருந்து குதித்து இறங்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் அந்தத் தங்கம். மெலிந்த, நீண்ட கால்களுள்ள, துள்ளலான குதிரை. மீட்டியோரும் ஹோல்ஸ்டைனர், இதுவும் ஹோல்ஸ்டைனர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே இனம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சில பத்தாண்டுகளுக்குள் இது எப்படி நடந்தது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துப் போட்டுவிடலாம். "வெளியிலிருந்து உயர்ந்த ரத்தம் வந்தது, அதனால் நாட்டுக் குதிரை உயர்ந்தது" என்று சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தாண்டும் திறமை அந்தக் குண்டனிடம் ஏற்கெனவே இருந்ததே! மூன்று ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய குதிரைக்கு யார் வந்து தாண்டக் கற்றுக்கொடுக்க வேண்டும்? வெளி ரத்தம் கொண்டுவந்தது வேறு.

ஹோல்ஸ்டைன் என்பது ஜெர்மனியின் வடக்கே உள்ள ஒரு பகுதி. இந்தக் குதிரை பிறந்தது அங்கே எல்பே ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில். களிமண் பூமி, கால் புதையும், ஏர் இழுக்கப் பலமான குதிரை வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கு வண்டிக் குதிரை தேவைப்பட்டபோது, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கத்திலிருந்து கோச் வண்டி இழுக்கும் பொலிகுதிரைகளை, அதாவது இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரைகளை, வாங்கி வந்தார்கள். பர்லிங்டன் டர்க் என்று ஒன்று, ஆஸ்ட்விக், பிரில்லியன்ட் என்று இன்னும் இரண்டு. அவற்றின் சந்ததி முன்னங்காலை மடக்கி உயரத் தூக்கி நடக்கும், வீதியில் போனால் பார்க்க அழகு. அந்த நடைதான் பிற்பாடு தடைக்கு மேலே முழங்காலை மடக்கித் தூக்கும் பழக்கமாக மாறியது என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆக, பின்னால் வந்தவர்கள் 'சொந்த ரத்தம்' என்று காப்பாற்றியதிலேயே பாதி ஒரு காலத்தில் கப்பலேறி வந்ததுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து டிராக்டர் வந்தது. அவ்வளவுதான், குதிரைக்கு வேலை போய்விட்டது. குட்டி போடும் பெண் குதிரைகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. 1960-இல் டிராவென்தாலில் இருந்த அரசுப் பண்ணையையே மூடிவிட்டார்கள். மற்ற இடமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே விவசாயிகளின் சங்கம் அந்தப் பொலிகுதிரைகளைத் தானே எடுத்துக்கொண்டு, எல்ம்ஸ்ஹோர்ன் என்ற சிறிய ஊரை மையமாக வைத்துத் தொடர்ந்தது. நிலம் உழக் குதிரை தேடாத காலத்தில், சவாரிக்கும் விளையாட்டுக்கும் ஏற்ற குதிரையை உருவாக்குவது என்று அவர்கள் எடுத்த முடிவை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. குதிரை பதினொரு மாதம் சுமந்து ஒரே குட்டி போடும். அந்தக் குட்டி பெரிய தடையில் தன்னைக் காட்ட ஏழெட்டு வருடம் ஆகும். தப்பான பொலிகுதிரையைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று தெரிவதற்குள் ஒரு தலைமுறை கை நழுவியிருக்கும்.

என்ன குறை இருந்தது? தோள் செங்குத்து, முதுகு நீளம், உடம்பு கனம். பாய்ச்சல் குறுகியது. இதைத் திருத்த தரோபிரெட்டைக் கொண்டுவந்தார்கள், அதாவது இங்கிலாந்தின் பந்தயக் குதிரை. வம்சப் பட்டியலில் அந்தக் குதிரைகளின் பெயருக்குப் பின்னால் பெருக்கல் குறி மாதிரி இரண்டு எக்ஸ் போடுவார்கள், கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அன்பிளிக், காட்டேஜ் சன், மார்லன் என்று பலவற்றை முயன்று பார்த்தார்கள். போலந்தில் பிறந்த ரம்ஸெஸ் என்ற ஆங்கிலோ அரபுக் குதிரையின் (தரோபிரெட்டும் அரபுக் குதிரையும் கலந்த இனம்) ரத்தமும் கலந்தது. இவற்றில் மிக ஆழமாக வேர்விட்டது 1961-இல் பிறந்த லேடிகில்லர். 1966-இல் லாண்ட்கிராஃப், 1967-இல் லார்ட் என்று அதற்குப் பிறந்த இரண்டு மகன்கள்தான் இனத்தின் முகத்தையே மாற்றியவர்கள். சரிந்த தோள், நீண்ட பாய்ச்சல், களைத்த பிறகும் விட்டுக்கொடுக்காத மனம், இவை வந்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பந்தயக் குதிரைக்குப் பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று என்று ஊற்றிக்கொண்டே போகவில்லை. போனால் எலும்பு மெலிந்து, பதற்றம் கூடி, கடைசியில் தட்டையாகத் தாண்டும் குதிரைதான் மிஞ்சும். கலப்பில் பிறந்த மகனைத் தேர்ந்தெடுத்து, அவனை வைத்து அடுத்த தலைமுறைக்குப் போனார்கள். குழம்பில் புளி கரைப்பது மாதிரி, அளவு தெரிந்த கை அது.

அப்புறம் 1971. பிரான்சிலிருந்து மூன்று வயதுப் பொலிகுதிரை ஒன்று வந்து சேர்ந்தது: கோர் தெ லா பிரியேர். இதன் தந்தை ரன்ட்ஸாவ் ஒரு தரோபிரெட். எல்ம்ஸ்ஹோர்னுக்குப் பக்கத்திலேயே ஒரு காலத்தில் ரன்ட்ஸாவ் என்ற பிரபுக் குடும்பத்தின் ஆட்சிப் பகுதி இருந்தது, பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் எனக்கு நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். இந்தக் குதிரையின் வாரிசுகள் தாண்டுவதை மெதுவாக ஓட்டிய படத்தில் பாருங்கள். தடைக்கு முன்னால் பின்னங்கால்கள் இரண்டும் வயிற்றுக்கடியில் வந்து ஊன்றும். முன்னங்கால்கள் முழங்காலில் மடிந்து, மேற்கால் கிட்டத்தட்ட தரைக்கு இணையாக வரும். தோளின் மேல்முனை எழும்போது கழுத்து முன்னால் தாழும், முதுகு வில்லாக வளையும். பலத்தால் தாண்டுவது வேறு, உடம்பின் வளைவால் தாண்டுவது வேறு. குண்டன் பலத்தால் தாண்டியது. இவை வளைந்து தாண்டின.

அந்த ஊரில் பொலிகுதிரைக்குத் தந்தையின் முதல் எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள். அதனால் லேடிகில்லரின் வழி எல், இந்தப் பிரெஞ்சுக்காரன் வழி சி (கோரை ஆங்கில எழுத்தில் Cor என்று எழுதுவார்கள்). எல் வழிப் பெண்ணுக்கு சி வழி மாப்பிள்ளை என்பதே பல பண்ணைகளில் வழக்கமாகிவிட்டது. கோர்லாண்டஸ் என்ற குதிரையின் பெயரைப் பாருங்கள்: தந்தை கோர், தாயின் தந்தை லாண்ட்கிராஃப். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பிரான்சுக்காக டிரஸ்ஸாஜில், அதாவது குதிரை நடனம் போல நடை காட்டும் போட்டியில், தனிநபர் வெள்ளி வாங்கியது. தாண்டுவதற்கென்று சேர்த்த ரத்தம் நடனத்திலும் ஜெயித்தது. நான் முதலில் சொன்ன கிளாசிக் டச்சும் கோரின் பேத்திதான், கோரின் மகன் கலெட்டோவின் மகள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து வந்த ஆண்களின் பெயரை எல்லாரும் சொல்கிறோம். தாய்கள்? ஹோல்ஸ்டைனில் ஒவ்வொரு தாய்வழிக்கும் ஒரு எண் உண்டு, 'ஷ்டாம்' என்பார்கள். மகளுக்கு மகள், அவளுக்கு மகள் என்று சங்கிலி அறுந்துவிடாமல் சதுப்பு நிலத்துப் பண்ணைகளில் பல தலைமுறையாகக் காத்து வந்தார்கள். வளர்ப்பவரிடம் குட்டியைப் பற்றிக் கேட்டால் தந்தையின் பெயரோடு அந்த எண்ணையும் சேர்த்தே சொல்வார். லேடிகில்லர் வேறு எங்காவது போயிருந்தால் இந்த அளவுக்கு வேர்விட்டிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். உழுது உழுது எலும்பு உறுதிப்பட்ட, தாண்டும் திறமையை ரத்தத்தில் வைத்திருந்த அந்தப் பெண் குதிரைகள் இல்லாவிட்டால், வந்த ரத்தத்துக்குப் பிடித்து நிற்க மண் கிடைத்திருக்காது.

இன்றைக்கு நிலைமை திரும்பியிருக்கிறது. சி வழி அவ்வளவு வெற்றிபெற்றதால் எங்கே திரும்பினாலும் உறவு, தாய் பக்கமும் கோர், தந்தை பக்கமும் கோர். மறுபடியும் வெளியே பார்க்க வேண்டிய கட்டாயம். ஆண்டுதோறும் இளம் பொலிகுதிரைகளைத் தேர்வு செய்யும் நியூமுன்ஸ்டர் அரங்கில் 2007-இல் முதலிடம் பெற்றது டியாராடோ. தந்தை வழியில் எல்லும் இல்லை, சியும் இல்லை. தந்தை தியமான் தெ ஸெமீ, பிரான்சிலிருந்து. தாயின் தந்தை கொராடோ, கோரின் மகன்.