அந்தக் கார்டை எறிந்துவிடாதீர்கள்

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். சிகிச்சையில் பிழை நடந்தால் நாம் என்ன செய்யலாம் என்று பேசத்தான் கூடியிருக்கிறோம். கடைசி பஸ்ஸுக்கு முன்பு முடித்துவிடுகிறேன்.

என் அக்காவின் பல்லிலிருந்து தொடங்குகிறேன். கீழ்த்தாடை ஞானப்பல் வலிக்கிறது என்று ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போனார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. சின்ன வேலைதான் என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கினார்கள். ஊசியின் விறைப்பு அன்று மாலையே போயிருக்க வேண்டும், போகவில்லை. கீழுதட்டின் வலது பக்கமும் நாடியும் இன்றுவரை மரத்துத்தான் இருக்கின்றன. சாப்பிடும்போது வாயோரம் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் அவருக்குத் தெரியாது. கலியாண வீடுகளில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அந்த நரம்பை ஒட்டியே நிற்கும். கைதேர்ந்தவர் பிடுங்கினாலும் சில வேளை நரம்பு பழுதாகலாம். ஆகவே உதடு மரத்துப்போனதை மட்டும் காட்டி வைத்தியர் தவறு செய்தார் என்று சொல்ல முடியாது. இதைச் சொன்னபோது அக்கா என்மேல் கோபப்பட்டார். ஆனால் படம் எடுத்து வேர் எங்கே நிற்கிறதென்று பார்த்தார்களா, இப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே சொன்னார்களா? இந்த இரண்டையும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். மருத்துவக் கவனயீனம் என்பது இங்கேதான் இருக்கிறது.

அக்கா கேட்கவில்லை. நான் அப்போது சட்டக் கல்லூரியில்கூடச் சேரவில்லை. கிளினிக்கில் தந்த துண்டையும் பற்றுச்சீட்டையும் பொங்கலுக்கு வீடு துப்பரவாக்கும்போது எறிந்துவிட்டோம். நட்டஈட்டு வழக்குக்கு எங்கள் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் இரண்டே வருடம் என்று நான் படித்தபோது, அந்த இரண்டு வருடம் எப்போதோ கடந்துபோயிருந்தது.

கவனயீனத்தைக் காட்டினால் மட்டும் வழக்கு வெல்லாது. குழந்தை வைத்தியர் பேராசிரியர் பிரியானி சொய்சாவின் வழக்கைச் சட்ட மாணவர்கள் எல்லாரும் படிப்பார்கள். மூளைத்தண்டில் கட்டி இருந்த ஒரு சிறுமி 1992இல் இறந்தாள். நோயைச் சரியாகக் கண்டறியவில்லை என்று தகப்பன் அந்தப் பேராசிரியர்மேல் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. வழக்கு மேலே போய், 2001இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கவனயீனம் இருந்தது, ஆனால் அதனால்தான் மரணம் நேர்ந்தது அல்லது விரைவுபட்டது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது. அந்தத் தகப்பனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது.

இதனால் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிகிச்சையில் பிழை நடந்ததென்று சந்தேகப்படுகிற வீட்டாரே, பிரேதத்தை வெட்ட வேண்டாம், கெதியாகத் தாருங்கள் என்று கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை எனக்கு விளங்குகிறது. நம் சமயங்கள் எல்லாவற்றிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் பிரேதப் பரிசோதனை செய்யும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை இல்லாமல், எதனால் உயிர் போனது என்பதை நீதிமன்றத்தில் காட்டுவது மிகமிகக் கடினம். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவராவது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். வாட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு வரும்போது, என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதிய டயக்னோசிஸ் கார்ட் தருவார்கள். அதைப் பத்திரப்படுத்துங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் உங்கள் சிகிச்சைப் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரசாங்கத்துக்கு எதிராக வழக்கு என்றால் ஒரு மாதம் முன்பே சட்டமா அதிபருக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டும். இரண்டு வருடம் என்று ஆறுதலாக இருக்கவே முடியாது.

காப்புறுதி பற்றி நிறையப் பேர் குழம்பியிருக்கிறீர்கள். ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களும் "எங்களுக்கு அக்ரஹார இருக்கிறதே" என்கிறார்கள். அது உங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும் காப்புறுதி. வைத்தியரின் பிழைக்கு நட்டஈடு தருவது வேறொன்று. வைத்தியரோ ஆஸ்பத்திரியோ தங்களுக்காக எடுத்து வைக்கும் தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி அது. அதை வைத்தியருக்கான கவசமாக மட்டுமே பார்க்கிறோம். உண்மையில் அது நோயாளிக்கும் வேண்டியது. தீர்ப்பு கிடைத்தாலும் கொடுக்க எதிராளியிடம் காசு இருக்க வேண்டுமல்லவா? மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதும் இதே காரணத்தால்தான். உங்கள் பல் வைத்தியரிடம் காப்புறுதி உண்டா என்று மரியாதையாகக் கேட்பதில் பிழையில்லை.

இன்னொன்று. பிரைவேட் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணிப் பார்க்கும் வைத்தியர் பெரும்பாலும் அந்த ஆஸ்பத்திரியின் ஊழியர் இல்லை. ஆஸ்பத்திரியின் காப்புறுதி அவருக்கும் பொருந்தும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பற்றுச்சீட்டில் யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள். பிழை நடந்தபின் வைத்தியர் வாய் திறக்காமல் இருந்தால் அது மனச்சாட்சி இல்லாததால் என்று முடிவு கட்டவும் வேண்டாம். காப்புறுதிக் கம்பனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று இப்படியான ஒப்பந்தங்களில் வழக்கமாக நிபந்தனை இருக்கும்.

காசு வேண்டாம், இன்னொருவருக்கு இப்படி நடக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் இலங்கை மருத்துவ சபைக்கு எழுதலாம். பல் வைத்தியர்களின் பதிவும் அங்கேதான். நட்டஈடு தர அதற்கு அதிகாரம் இல்லை, ஆனால் பதிவிலிருந்து பெயரை நீக்க முடியும்.

மூன்றாவது வரிசையில் பையோடு இருக்கும் அம்மா, தொடக்கத்திலிருந்து அந்தக் கார்டைக் கையிலேயே வைத்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் முன்னுக்கு வாருங்கள். முதலில் திகதியைப் பார்ப்போம்.