ஒரு மூட்டை சாம்பல்

எல்லாருக்கும் வணக்கம். நான் திருவொற்றியூர்ல ஒயர்மேன் வேலை பாக்கறவன், 28 வருஷம் ஆச்சு. காலடிப்பேட்டை, எர்ணாவூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வரைக்கும் நான் ஏணி போடாத தெரு கம்மி. கரண்ட் மிச்சம் புடிக்கறது, சோலார், பேட்டரி வண்டி இதப்பத்தி எல்லாம் பேசணும்னு கூப்பிட்டாங்க, நான் வீடு வீடா போயி பாத்தத சொல்றேன்.

நம்ம பக்கத்து ஜனங்களுக்கு கரண்ட் எங்க இருந்து வருதுன்னு யாரும் பாடம் எடுக்க வேணாம். மாடி ஏறி வடக்கால பாத்தா புகைபோக்கி தெரியும். பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 1970ல ஆரம்பிச்சு 2017ல மூடினாங்க. அத்திப்பட்டு பக்கம் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்குது, முதல்ல 630 மெகாவாட்டு, அப்புறம் 1200, 2024ல இன்னொரு 800. அதுக்குப் பக்கத்துலயே வல்லூர்ல 1500. எல்லாம் சேத்தா 4000 மெகாவாட்டுக்கு மேல. ஒடிசாவுல தால்ச்சேர் பக்கம் சுரங்கத்துல வெட்டற நிலக்கரி பாரதீப்ல கப்பல் ஏறி, நம்ம எண்ணூர் துறைமுகத்துல எறங்கி, பெல்ட்டுல ஓடி வந்து எரியுது, வெளிநாட்டு கரியும் வருது. ஊரு பூரா லைட்டு எரியுது, சாம்பல் மட்டும் இங்கயே தங்கிடுது. சின்ன வயசுல எங்க அம்மா மாடியில வடாம் காய வச்சா மேல ஒரு வெள்ளை வேட்டிய போத்தி வைப்பாங்க, சாயங்காலம் எடுத்து உதறும்போது அந்த வேட்டி வெள்ளையா இருக்காது. அது இன்னும் எனக்கு கண்ணுல நிக்குது.

ஒரு கணக்கு சொல்றேன், இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஒரு யூனிட் கரண்ட் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிக்கணும், நம்ம நாட்டுக் கரியில மூணுல ஒரு பங்கு சாம்பல்தான். அப்போ ஒரு யூனிட்டுக்கு 200 கிராமுக்கு மேல சாம்பல். புகைபோக்கியில மெஷின் வச்சு கிட்டத்தட்ட பூராவையும் புடிச்சுடறாங்க, அதுல ஒரு பங்கு சிமெண்ட்டுக்கும் செங்கல் அறுக்கவும் போகுது, மிச்சத்த எங்கயாச்சும் கொட்டித்தானே ஆகணும், அது கொசஸ்தலை ஆத்தோரம் இருக்கற சாம்பல் குட்டையிலதான் கொட்டறாங்க. அதனால கரண்ட் மிச்சம் புடிங்கன்னு நான் சொல்றப்ப பில்லு கொறையறதுக்காக மட்டும் சொல்லல.

காலடிப்பேட்டையில ஒரு அக்கா இருக்காங்க, காலையில இட்லி கடை. போன சித்திரையில போன் பண்ணி, "தம்பி, ஏசி மாட்டணும், மேல் வீட்டுல தூங்க முடியல, பசங்க ராவுல எழுந்து எழுந்து உக்காந்துக்குதுங்க, தவணையில வாங்கிக்கலாம்னு இருக்கேன், லைன் மட்டும் இஸ்து குடு"ன்னாங்க. போயி ஈபி கார்ட வாங்கிப் பாத்தேன். ஏசி இல்லாமயே ரெண்டு மாசத்துக்கு 560 யூனிட். அக்கா, இதுக்கு மேல ஏசிய போட்டா தாங்காதுன்னேன். நம்ம ரேட்டு முறையில 500 யூனிட் ஒரு பெரிய கோடு, அதத் தாண்டினா மேல போன யூனிட்டுக்கு மட்டும் ரேட்டு ஏறாது, கீழ இருக்கற யூனிட்டுக்கும் சேத்து மாறிடும், இது நெறைய பேருக்கு தெரியாது, பில்லு ஏன் திடீர்னு எகிறிச்சுன்னு ஈபி ஆபீஸ்ல போயி சண்ட போடுவாங்க.

அண்ணாந்து பாத்தா மூணு ஃபேன், மூணும் ரீவைண்டிங் பண்ணது, அதுல ஒண்ணு மர டப்பா மாதிரி பழைய ரெகுலேட்டர்ல ஓடுது. அந்த ரெகுலேட்டர் ஸ்பீட கொறைச்சா கரண்ட அவ்வளவா கொறைக்காது, உள்ள இருக்கற சுருள்ல சூடா விட்டுடும், தொட்டுப் பாத்தாலே தெரியும். சாதா ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும், ரீவைண்டிங்ல கம்பி தரம் சரியில்லன்னா இன்னும் மேல. இப்ப பிஎல்டிசி ஃபேன்னு வருதே, அது 30 வாட்ஸ் கிட்டதான், காத்து அதே காத்து. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுதுன்னு வைங்க, ரெண்டு மாசத்துக்கு பழைய ஃபேன் 72 யூனிட், புது ஃபேன் 29 யூனிட், ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். மூணு ஃபேனுக்கு 129. 560ல கழிச்சா 431, கோட்டுக்கு உள்ள வந்துட்டாங்க. இப்ப அந்த சாம்பல் கணக்க போடுங்க, 129 யூனிட்டுக்கு 90 கிலோ நிலக்கரி, அதுல 30 கிலோ சாம்பல். 25 கிலோ அரிசி மூட்டை தெரியும் இல்ல, அதவிட பெருசு. ஒரே வீட்டுல, மூணு ஃபேன்ல, ரெண்டு மாசத்துல. நான் அன்னிக்கு ராத்திரி இத கணக்கு போட்டுட்டு ரொம்ப நேரம் தூங்கல.

சரி, வெக்கைக்கு வருவோம். ஃபேன் மாத்தினா பில்லு கொறையும், மேல் வீட்டு அனல் கொறையாது, ஏன்னா அனல் வர்றது மேல இருந்து. நம்ம ராயபுரம், மண்ணடி பக்கம் பழைய வீடுங்கள்ல மெட்ராஸ் டெரஸ்னு போடுவாங்க, தேக்கு உத்தரத்து மேல செங்கல்ல குத்துக்கு நிறுத்தி சுண்ணாம்புல கட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள் கணக்கா தட்டுவாங்க, கடைசியா தட்டோடு. அந்த வீட்டுக்குள்ள போனா மே மாசத்துலயும் மூச்சு விடலாம். இப்ப நாலரை இஞ்சு கான்கிரீட்ட போட்டு அப்படியே விட்டுடறோம், பகல் பூரா வெயில குடிச்சுட்டு ராத்திரி பூரா வீட்டுக்குள்ள விடுது. அதுக்கு கீழ ஏசி போட்டா அது கான்கிரீட்டோட சண்ட போட்டுக்கிட்டே இருக்கும்.

அக்கா வீட்டுல நாங்க செஞ்சது ரொம்ப சாதாரணம். மாடிய நல்லா கூட்டிக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்ப நீத்து வடிகட்டி, புடிப்புக்கு கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து, தென்னங்குச்சி பிரஷ்ல மூணு கோட்டு. காசு இருக்கறவங்க கடையில கூல் ரூஃப் பெயிண்ட்னு விக்கறாங்க அத அடிக்கலாம், நாலஞ்சு வருஷம் வரும், சுண்ணாம்பு ஒரு மழைக்காலம் தாண்டினா திரும்ப அடிக்கணும். வெள்ளையா இருந்தா வெயில் திரும்பிப் போயிடும், அவ்ளோதான் விஷயம். மறுநாள் மதியம் 2 மணிக்கு அந்த அக்கா செருப்பு இல்லாம மாடியில நின்னாங்க, அதுக்கு முந்தின நாள் அதே எடத்துல ஈரத்துணிய போட்டுதான் கால் வைக்க முடிஞ்சுது. ஏசி இன்னும் வாங்கல. வாங்கினாலும் தப்பில்ல, ஸ்டார் ஸ்டிக்கர் பாத்து வாங்குங்க, 24ல வச்சு கூட ஃபேனும் போடுங்க, ஒரு டிகிரி ஏத்தி வச்சா 6 பர்சன்ட் கிட்ட மிச்சம்னு சொல்றாங்க.

ஆஸ்பெட்டாஸ் ஷீட்டு வீடு இருக்கறவங்க கவனிங்க, சுரண்டாதீங்க, பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, துளை போடாதீங்க, அந்தத் தூசு நெஞ்சுக்கு ரொம்ப ஆபத்து. தண்ணிய தெளிச்சு ஈரமா இருக்கறப்பவே சுண்ணாம்பு அடிங்க, மேல ஏறி மிதிக்காதீங்க, பலகை போட்டுக்கோங்க.

வாடகை வீட்டுல இருக்கறவங்க என்னங்க பண்றதுன்னு கேப்பீங்க. இது எனக்கு ரொம்ப மனசுக்கு கஷ்டமான விஷயம். லைன் வீடுங்கள்ல ஒரே மீட்டர், உள்ள சப் மீட்டர், யூனிட்டுக்கு 10 ரூபா, 12 ரூபான்னு வாங்கறாங்க, 2016ல இருந்து கவர்மெண்ட் குடுக்கற 100 யூனிட் ஃப்ரீயும் அந்தக் குடும்பத்துக்கு வந்து சேரல. அதாவது இருக்கறதுலயே கம்மி சம்பளம் வாங்கறவங்கதான் கரண்டுக்கு அதிகமா காசு குடுக்கறாங்க. ஹவுஸ் ஓனரா இருக்கறவங்க யாராவது இத கேட்டுக்கிட்டு இருந்தா, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி சர்வீஸ் வாங்கிக் குடுங்க, கெஞ்சிக் கேக்கறேன். குடியிருக்கறவங்க ஃபேன் வாங்கினா அது உங்க சொத்து, காலி பண்ணா கழட்டிட்டு போயிடலாம், அதனால அந்த செலவ பாத்து பயப்படாதீங்க.

இப்ப சோலார். நான் எப்பவும் சொல்றது, முதல்ல குடத்துல ஓட்டைய அடைங்க, அப்புறம் தண்ணி புடிங்க. 560 யூனிட் இழுக்கற வீட்டுக்கு பெரிய சோலார் வேணும், 430க்கு எறங்கினா 2 கிலோவாட்டே போதும். நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் வரும், எடம் 100 சதுரடி கிட்ட வேணும். 2024ல ஆரம்பிச்ச பிஎம் சூர்ய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3ம் அதுக்கு மேலயும் 78,000 மானியம். நெட் மீட்டர் மாட்டுவாங்க, பகல்ல நீங்க செலவு பண்ணாதது லைனுக்கு போகும், ராத்திரி எடுக்கறதுல அது கழியும். ஒண்ணு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, பேட்டரி இல்லாத சோலார், தெருவுல கரண்ட் போனா அதுவும் நின்னுடும். நல்லா வெயில் அடிக்குது ஏன் ஃபேன் ஓடலன்னு எங்கிட்ட கோச்சுக்கிட்டவங்க உண்டு. கம்பத்து மேல லைன்மேன் வேலை செய்யறப்ப உங்க மாடியில இருந்து கரண்ட் போயி அவர அடிக்கக் கூடாது, அதுக்காகத்தான் அப்படி வச்சிருக்காங்க.

கடலோரத்துக்கு இன்னும் ரெண்டு விஷயம். பேனல தாங்கற ஸ்டாண்டுக்கு சாதா இரும்பு ஆங்கிள் போட்டா உப்புக்காத்துல சீக்கிரமே பொடியா உதிரும், துத்தநாகத்துல நல்லா முக்கி எடுத்த ஜிஐ இல்லன்னா அலுமினியம்தான் போடணும், நட்டு போல்டு ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கட்டும், 2016 வர்தா புயல்ல மரமே புடுங்கிக்கிட்டு போச்சு, அதனால பேனல சும்மா கல்லு வச்சு நிறுத்தற ஆள நம்பாதீங்க. அப்புறம் நம்ம பக்கம் தூசியும் சாம்பலும் பேனல் மேல படியும், படிஞ்சா கரண்ட் கொறையும், வாரத்துக்கு ஒரு தடவ காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி கழுவுங்க, சூடான கண்ணாடி மேல பச்சத்தண்ணி ஊத்தினா விரிசல் விடலாம். சூரியன்ல கரண்ட் எடுக்க வச்ச கண்ணாடியில கரி சாம்பல் படிஞ்சு கெடக்கறத துடைக்கறப்ப எல்லாம் எனக்கு அம்மாவோட வேட்டிதான் ஞாபகம் வரும்.

வண்டிக்கு வர்றேன். வியாசர்பாடியில சாப்பாடு டெலிவரி பண்ற ஒரு பையன், சார்ஜ் பாயிண்ட் போட போனப்ப கேட்டான், "அண்ணா, பெட்ரோல் வண்டி புகைய மவுண்ட் ரோட்டுல விடுது, பேட்டரி வண்டி எண்ணூர்ல விடுது, இன்னா வித்தியாசம்?" நல்ல கேள்வி. பெட்ரோல் இன்ஜின்ல நூறு ரூபாய்க்கு ஊத்தினா கால் பங்குதான் சக்கரத்துக்கு போகுது, மிச்சம் சூடா போயிடும். மோட்டார்ல 80க்கு மேல சக்கரத்துக்கு போகும். பேட்டரி ஸ்கூட்டர் ஒரு யூனிட்ல 30 கிலோமீட்டர் ஓடும். பூரா நிலக்கரி கரண்ட்லயே சார்ஜ் போட்டாலும் அந்த 30 கிலோமீட்டருக்கு ஒரு கிலோ, ஒண்ணேகால் கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோல் வண்டின்னா ஒன்றரை கிலோ. நல்லதுதான், ஆனா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்னு நான் சொல்ல மாட்டேன். எப்ப சார்ஜ் போடறோம்ங்கறதுலதான் மீதி இருக்குது. சாயங்காலம் 6ல இருந்து 10 வரைக்கும் ஊரே ஏசி, டிவி, கிரைண்டர்னு போடும், சூரியன் கிடையாது, அப்ப நிலக்கரிதான் தாங்குது. பகல்ல போட்டா கமுதி பக்கம் இருந்து சோலார் வருது, ஆடி மாசம்னா முப்பந்தல்ல காத்தாடி சுத்தி காத்து கரண்ட் வருது. அதனால முடிஞ்சவங்க மதியம் சாப்பிட வர்றப்ப போடுங்க, முடியாதவங்க ராத்திரி 11க்கு மேல.

சார்ஜிங்க்கு தனி லைன், 16 ஆம்ப்ஸ் பிளக், 2.5 ஒயர், சரியான எர்த். ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து போடாதீங்க, கருகிப்போன பாக்ஸ் எத்தனையோ கழட்டிட்டேன். புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை மாதிரி தண்ணி நிக்கற எடத்துல பிளக்க இடுப்புக்கு மேல வைங்க, 2023 மிக்ஜாம்ல பாத்தோமே. வெள்ளத்துல முங்கின வண்டிய எடுத்து வந்து உடனே சார்ஜ்ல போடவே போடாதீங்க, கம்பெனி ஆள் பாக்கட்டும்.

காரப் பத்தி கேட்டாங்கன்னா, என் மனசுல இருக்கறத சொல்றேன், எலக்ட்ரிக் கார் ஒரு யூனிட்ல ஆறு ஏழு கிலோமீட்டர்தான் போகும், ஒரு ஆள் உக்காந்து போறதுக்கு ஒன்றரை டன் இரும்ப இழுக்கணும். கார் தேவைப்படறவங்க எலக்ட்ரிக் வாங்குங்க, நல்லதுதான். ஆனா நம்ம தெருவுக்கு கார விட பெரிய சேதி 2025 ஜூன்ல வியாசர்பாடி டெப்போவுல இருந்து கெளம்பின 120 எலக்ட்ரிக் பஸ்தான். விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துடுச்சு, பீச்ல இருந்து தாம்பரத்துக்கு 1931லயே கரண்ட் ட்ரெயின் ஓடின ஊரு இது. அதுல ஏறிப் போறதும் இந்தக் கணக்குலதான் சேரும்.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. தூங்கறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லா சுவிட்ச்சையும் ஆஃப் பண்ணுங்க, பிரிட்ஜையும் அஞ்சு நிமிஷம். மெயின ஆஃப் பண்ண வேணாம். போயி மீட்டர்ல இருக்கற சின்ன சிவப்பு லைட்ட பாருங்க. சிமிட்டவே இல்லன்னா நல்லது. சிமிட்டுதுன்னா எங்கயோ இழுக்குது, டிவி செட்டாப் பாக்ஸ் பிளக்ல இருக்கலாம், இல்ல சுவத்துக்குள்ள ஒயர் லீக்கேஜா இருக்கலாம், லீக்கேஜ்னா உசுருக்கே ஆபத்து, உடனே ஒயர்மேன கூப்பிடுங்க. அப்படியே பிரிட்ஜ் கதவுல ஒரு பத்து ரூபா நோட்ட வச்சு மூடி இழுத்துப் பாருங்க, லேசா வந்துடுச்சுன்னா ரப்பர் போச்சு, ரப்பர் மட்டும் மாத்தினா போதும், பிரிட்ஜ மாத்த வேணாம்.

இட்லி கடை அக்கா நேத்து போன் பண்ணாங்க. மழையில சுண்ணாம்பு போயிடுச்சாம், வர்ற ஞாயித்துக்கிழமை திரும்ப அடிக்கணுமாம், பக்கத்துல இருக்கற நாலு வீட்டுக்காரங்களும் எங்களுக்கும் அடிங்கன்னு கேட்டிருக்காங்க. கிளிஞ்சல் வாங்கி வச்சாச்சு, வெள்ளிக்கிழமையே நீத்துப் போட்டுடுவேன். சின்னப் பசங்கள பக்கத்துல விடாதீங்க, நீத்தறப்ப கொதிக்கும், கண்ணுல தெறிச்சா பெரிய ஆபத்து. அந்தத் தெருக்காரங்க யாராச்சும் கேட்டுக்கிட்டு இருந்தா காலையில 6 மணிக்குள்ள பிரஷ்ஷோட வந்துடுங்க, 9 மணிக்கு மேல மாடியில நிக்க முடியாது.