பழைய ஆம்ப், புதிய பெட்டி

வணக்கம் நேயர்களே.

தொண்ணூறுகளில் தவணையில் வாங்கிய மினி காம்போ பல வீடுகளில் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. கேசட் ஓடாது, சிடி தட்டு வெளியே வர மறுக்கும், மேலே ஒரு பூச்சாடி. பாட்டு மட்டும் கைப்பேசியின் அடியில் உள்ள கடுகளவு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஸ்டீரியோவைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்குப் போட்டுவிடாதீர்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்பும் ஸ்பீக்கரும் உயிரோடு இருந்தால், இணையத்திலிருந்து பாட்டை இறக்கிக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி போதும்.

கடைக்குப் போனால், ஆம்பும் வைஃபையும் ஒன்றாக உள்ளேயே அமைந்த புது ரிசீவரைத்தான் முதலில் காட்டுவார்கள். பணம் இருந்தாலும் யோசித்து வாங்குங்கள். நல்ல ஆம்ப் முப்பது ஆண்டு ஓடும். இணையச் சேவை அத்தனை ஆண்டு நிற்பதில்லை. ரெசிவா என்ற நிலையப் பட்டியல் சேவையை நம்பிப் பல நிறுவனங்கள் இணைய வானொலிப் பெட்டிகள் செய்தன. 2021-இல் அந்தச் சேவை மூடப்பட்டது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் பட்டியலைக் கேட்டால் பதில் சொல்ல மறுமுனையில் ஆளில்லை. கூகளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்தது, 2019-இல் தயாரிப்பு நின்றது. 2025 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, அந்தப் பெட்டிகள் சில நாள் பேச்சுமூச்சின்றிக் கிடந்தன. பிறகு சரிசெய்தார்கள். இப்படி ஒன்று நடந்தால் சின்னப் பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரிசீவருக்குள்ளேயே அது இருந்தால் முழுதையும் மாற்றத் தோன்றும்.

இப்போது ஸ்டீரியோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து, பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக ஜோடி ஜோடியாகத் துளைகள் இருக்கும். சிவப்பு வலது, வெள்ளை இடது. மேலே ஆக்ஸ், சிடி, டியூனர், டேப் இன், வீடியோ என்று ஏதாவது எழுதியிருக்கும். இவற்றில் எதில் செருகினாலும் சரி. டேப் அவுட், ரெக் என்று இருந்தால் அது வெளியே அனுப்பும் துளை. அதில் செருகினால் சத்தமே வராது. ஃபோனோ என்று எழுதியதை மட்டும் தொடாதீர்கள். அது இசைத்தட்டு ஊசியின் மெல்லிய சமிக்ஞைக்கானது. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கி, இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த அடித்தொனியைத் தூக்கி, மேல்தொனியை இறக்கிக் கொடுக்கும் சுற்று உள்ளே இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் தரும் கைப்பேசியை அதில் மாட்டினால் பாட்டு கிழிந்த பறை போலத்தான் கேட்கும்.

ஆக்ஸே இல்லாத காம்போவா? கேசட் பகுதி சுழன்றால், வயரோடு வரும் கேசட் வடிவ அடாப்டர் ஒன்று கிடைக்கும். தரம் சுமார்தான். ஆட்டோ ரிவர்ஸ் உள்ள சில டெக்குகள் அதை ஏற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகக் குறைந்த செலவு, ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பிளக்கும் மறுமுனையில் அந்தச் சிவப்பு வெள்ளைத் துளைகளுக்கான இரண்டு ஆர்சிஏ பிளக்கும் உள்ள வயர். கோலாலம்பூர் புடு ஜாலான் பாசாரில் உள்ள மின்னணுப் பாகக் கடைகளிலோ லோ யாட் வணிக வளாகத்திலோ கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பிளக்கின் உலோகத்தில் இரண்டு கறுப்பு வளையம் உள்ளதை வாங்குங்கள். மூன்று வளையம் இருந்தால் அது மைக்கோடு சேர்ந்த வகை. கைப்பேசியில் துளை இல்லையென்றால் யுஎஸ்பி-சி அடாப்டர் வேண்டும். அதிலும், டிஜிட்டல் தரவை ஆம்புக்கு ஏற்ற ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் டாக் சிப் உள்ளே இருக்கும் வகையாகப் பாருங்கள். வெறும் வயர் வகை பல கைப்பேசிகளில் வேலை செய்யாது.

இந்த வயர் முறையில் ஒரு வேடிக்கையான பழுது வரும். வயலின் கேட்கும், எதிரொலி கேட்கும், பாடகர் மட்டும் காணாமல் போய்விடுவார். ஆவி வேலை ஒன்றுமில்லை. கைப்பேசி உறை தடுத்து, பிளக் முழுதாக உள்ளே போகவில்லை. எர்த் தொடர்பு விட்டுப்போனால், இடது வலது இரண்டுக்கும் பொதுவானது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகர் குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் அதுதான் முதலில் அழியும். உறையைக் கழற்றி 'டிக்' என்று அழுத்துங்கள், பாடகர் திரும்பி வந்துவிடுவார்.

அடித்தொனி மட்டும் மெலிந்து, குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே தெரியாவிட்டால் அது வேறு கதை: ஸ்பீக்கர் ஒன்றில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். ஆம்பை அணைத்துவிட்டு மாற்றிப் பாருங்கள். வயர் நுனியை ஒரு சென்டிமீட்டர் மட்டும் உரித்து முறுக்குங்கள். ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டால்கூட ஆம்பின் அவுட்புட் பகுதி எரிந்துபோகலாம்.

வயர் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு புளூடூத் ரிசீவர். நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். ஆனால் இதில் பாட்டை இழுப்பது கைப்பேசிதான். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், வாட்ஸ்அப் மணி ஸ்பீக்கரில் அடிக்கும், கைப்பேசியை எடுத்துக்கொண்டு கீழே குப்பை போடப் போனால் ஹாலில் அமைதி. அதனால்தான் வைஃபை பெட்டிக்கு என் ஓட்டு. வீம் மினி போன்றது ஒன்றாக இருக்கலாம். கைவேலை தெரிந்தவர்கள் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிப் பலகையில் டாக் பலகை ஒன்றைப் பொருத்தி, வாலுமியோ மென்பொருளைப் போட்டும் செய்துகொள்ளலாம். ஸ்பாட்டிஃபை கனெக்ட் முறையில், எந்தப் பாட்டு என்று சொல்வதோடு கைப்பேசியின் வேலை முடிந்தது. பாட்டைப் பெட்டியே நேராக இறக்குகிறது. கைப்பேசியோடு சந்தைக்குப் போனாலும் வீட்டில் பாட்டு நிற்காது.

இன்னொன்று, ஒலியளவு. கைப்பேசியில் பாதியும் ஆம்பில் முக்காலும் வைத்தால், பாட்டோடு 'உஸ்' என்ற இரைச்சலையும் ஆம்ப் பெருக்கும். கைப்பேசியைத் தொண்ணூறு விழுக்காட்டில் நிறுத்திவிட்டு, ஏற்றம் இறக்கமெல்லாம் ஆம்பின் குமிழில் செய்யுங்கள்.

சாம்சுங், எல்ஜி என்று எந்தத் தொலைக்காட்சியில் யூடியூப் பார்த்தாலும், அதில் ஆப்டிகல் துளை இருந்தால் அங்கிருந்து ஒரு சின்ன டாக் வழியாக ஸ்டீரியோவுக்கு எடுக்கலாம். சத்தம் வராவிட்டால், தொலைக்காட்சியின் அமைப்பில் ஒலி வெளியீட்டை, அமுக்காத டிஜிட்டல் ஒலியான பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பி சமிக்ஞையை அந்த டாக் புரிந்துகொள்ளாது.

எல்லாம் மாட்டியாயிற்று, அடியில் 'ஊம்' என்று ஓயாத ஓசை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100-உம்தான் அந்த ஊம். பெரும்பாலும் மடிக்கணினியை மாட்டும்போது வரும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டுங்கள். ஊம் நின்றால் அது எர்த் வளையம்: இரு கருவிகளும் இரு வழியில் தரைக்குப் போய், நடுவில் ஒலி வயர் மாட்டிக்கொள்கிறது. கூரையில் உள்ள செயற்கைக்கோள் தட்டிலிருந்து டிகோடருக்கு வரும் கேபிளும் இப்படி ஒரு வழி போடும். முதலில் எல்லாவற்றையும் ஒரே நீட்டிப் பலகையில் மாட்டிப் பாருங்கள். தீராவிட்டால், ஒலி வயருக்கு நடுவே வைக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை வாங்குங்கள். உள்ளே இரண்டு குட்டி மின்மாற்றிகள் இருக்கும். பிளக்கின் எர்த் காலை வெட்டினாலும் ஊம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கசிவு ஏற்பட்டால் உங்கள் உயிரைக் காப்பது அந்தக் கால்தான்.

வைஃபை பெட்டி வீட்டு இணையத்தில் சேர மறுப்பதற்குக் காரணங்கள் சில உண்டு. மலிவான பெட்டிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸையும் அதையும் ஒரே பெயரில் கலந்து கொடுத்தால் பெட்டி குழம்பும். அமைக்கும்போது மட்டுமாவது இரண்டையும் தனிப் பெயராகப் பிரியுங்கள். பழைய பெட்டிக்குப் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 2 ஆக இருக்கவேண்டும். கைப்பேசி விருந்தினர் வைஃபையிலும் பெட்டி வீட்டு வைஃபையிலும் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காது. கொண்டோவில் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டி வரும் சமிக்ஞை மெலிந்திருக்கும், மைக்ரோவேவ் சுற்றும்போது பாட்டு விக்கும். முடிந்தால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், நூறு மீட்டர் வரை கவலையில்லை.

மின்னல், ராகா ஆகிய தமிழ் வானொலிகள் இணையத்திலும் கிடைக்கின்றன. ஆர்டிஎம் கிளிக் செயலியில் மின்னல், சியோக் செயலியில் ராகா. ஆனால் இணைய ஒலி காற்றலையைவிடப் பிந்தித்தான் வரும். சமையலறை எஃப்எம் பெட்டி செய்தியைத் தொடங்கிவிட்டிருக்கும், ஹாலில் இன்னும் சரணம் முடிந்திருக்காது. இரண்டையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள், தலைவலிதான் மிஞ்சும். கைப்பேசி டேட்டாவில் கேட்பவர்களுக்குக் கணக்கு: 128 கிலோபிட் ஓடை மணிக்கு ஏறக்குறைய 58 மெகாபைட். தினம் ஐந்து மணி நேரம் கேட்டால் மாதம் எட்டரை கிகாபைட்டுக்கு மேல். 320 கிலோபிட் என்றால் மணிக்கு 144 மெகாபைட்.

ஐம்பது, அறுபதுகளின் பாடல்களுக்கு, தரம் இழக்காமல் ஒலி தரும் லாஸ்லெஸ் சந்தா கட்டவேண்டாம் என்பது என் கருத்து. மூலமே மோனோ, அதன் கீறலும் தேய்மானமும் லாஸ்லெஸ்ஸில் இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். அதைவிட, ஒரே பாட்டின் மூன்று நான்கு பதிவுகளைத் தேடிப் பார்த்து, எதிரொலி சேர்க்காத பழைய பதிவைப் பிடித்து வையுங்கள்.

கடைசியாக, மழை. கோலாலம்பூரில் மாலை நாலு மணிக்கு வானம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கவேண்டும். ஃபைபர் கண்ணாடி இழை, மின்னலைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் கடத்தும், அங்கிருந்து லேன் கேபிள் வழியாகப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து ஆம்புக்கும் வந்துவிடும். ஆகவே மோடம், ரவுட்டர், பெட்டி, ஆம்ப் நான்கையும் கழற்றுங்கள், தட்டிலிருந்து வரும் கேபிளையும் சேர்த்து. மழை விட்டதும் மோடத்தை முதலில் மாட்டுங்கள். அதன் விளக்குகள் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பிறகு ரவுட்டர், அதன் பிறகு பெட்டி. ஆம்ப் கடைசி, அதுவும் குமிழை முழுக்க இறக்கிவிட்டு. முன்னால் போட்டால் பெட்டி விழித்துக்கொள்ளும்போது ஸ்பீக்கரில் 'டம்' என்று ஓர் அடி விழும். பழைய ஸ்பீக்கரின் நுரை விளிம்பு நம் ஊர் ஈரத்தில் ஏற்கெனவே பொடிந்துகொண்டிருக்கும். அந்த அடியை அதற்குக் கொடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.