எரோனியஸ் என்றால் பொய்யா?

நேயர்களுக்கு வணக்கம். வரி நோட்டீஸ், அரசுக் கடிதம், கோர்ட் தீர்ப்பு என்று கனமான காகிதங்களில் தலைகாட்டும் ஓர் ஆங்கிலச் சொல், எரோனியஸ். 'உங்கள் கூற்று எரோனியஸ்' என்று ஒரு வரி வந்துவிட்டால் சிலருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. நம்மைப் பொய்யன் என்கிறார்களே என்று. அந்தச் சொல்லில் அவ்வளவு விஷம் கிடையாது.

இதன் வேர் லத்தீனில் அலைந்து திரிவதை, வழி தவறுவதைக் குறிக்கும். கூற்று உண்மையை விட்டு விலகிவிட்டது, அவ்வளவுதான். சொன்னவர் வேண்டுமென்றே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்ற பேச்சே அதில் இல்லை. பிரெஞ்சிலும் இதற்கு உறவான 'எரோனே' உண்டு. ஆனால் பிரெஞ்சுப் பத்திரங்களோடு பழகிய புதுச்சேரிக்காரர்கள் 'ஃபோ' என்ற சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். தவறானது என்பதோடு, கள்ள ஆவணத்துக்கும் அதே சொல்தான்.

நம்மூர் உதாரணமே பார்ப்போம். புதுச்சேரி 1947 ஆகஸ்ட் 15 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டது என்று ஒருவர் எழுதினால் அது எரோனியஸ். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூர் கிராமத்தில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. சரி, இணைந்தது 1954 என்று ஒருவரும் 1962 என்று இன்னொருவரும் சொன்னால்? யார் மீதும் இந்தச் சொல்லை வீச முடியாது. ஒருவர் ஆட்சியைச் சொல்கிறார், மற்றவர் சட்டத்தைச் சொல்கிறார். அவசரப்பட்டு எரோனியஸ் என்று மறுப்பு எழுதினால், அந்த மறுப்புதான் எரோனியஸ்!

சட்டமும் இதை அளந்துதான் கையாள்கிறது. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 263ஆம் பிரிவில் இந்தச் சொல் இடம்பெற்றது. கீழதிகாரியின் உத்தரவு எரோனியஸ் என்பதற்காக மட்டும் கமிஷனர் அதை மாற்றிவிட முடியாது. அதனால் அரசு வருவாய்க்கும் பாதகம் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே தேவை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தெளிவாகச் சொன்னது.

அப்புறம், இந்தச் சொல்லை எங்கே பயன்படுத்துவது என்ற வழக்கம். கூற்று, பதிவு, எண்ணம், முடிவு, இவற்றுக்கெல்லாம் எரோனியஸ் பொருந்தும். ஆளைப் பார்த்து 'யூ ஆர் எரோனியஸ்' என்பது இன்றைய ஆங்கிலத்தில் ஒட்டாது; அங்கே 'மிஸ்டேக்கன்' போதும். வீட்டுப் பேச்சில் 'ராங்' இருக்கவே இருக்கிறது. ரேஷன் கார்டிலோ பட்டாவிலோ பெயர் மாறிக் கிடந்தால், ஆங்கில மனுவில் 'எரோனியஸ் என்ட்ரி' என்று எழுதலாம், எழுதிய குமாஸ்தாவையும் சீண்டியதாகாது. அடுத்த வரியிலேயே சரியான பெயரை எழுதிவிடுங்கள், சான்று நகலையும் இணைத்துவிடுங்கள். வணக்கம்.