மணப்பாட்டுக் குகைக் கிணறு | தூத்துக்குடி முதல் உவரி வரை கடற்கரைக் கோயில்கள்

வணக்கம் மக்களே. கேமராவை அப்படியே ஒரு சுத்து சுத்துறேன், பாருங்க. இந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் மணல்பாறை. நடுவுல சில எட்டுதான். பாறைக்குள்ள குனிஞ்சு போனா ஒரு சின்னக் கிணறு. தண்ணியைக் கையில அள்ளி வாயில வச்சுப் பாருங்க, உப்புக் கரிக்காது. அலைச்சத்தம் காதுல இரையுது, குடிக்கிறது நல்ல தண்ணி.

இது மணப்பாடு, சவேரியார் குகை. கத்தோலிக்கப் பாதிரியார் பிரான்சிஸ் சவேரியார் 1542ல இந்தக் கரைக்கு வந்தப்போ தங்கி ஜெபம் பண்ண இடம்னு ஊர்ல சொல்றது இதைத்தான். தலைக்கு மேல மணல்மேட்டுல தெரியறது திருச்சிலுவைக் கோயில், 1581ல கட்டினது. இங்க யாரும் சர்ச்னு சொல்லமாட்டாங்க, கோயில்தான். வழி கேட்கும்போதும் அப்படியே கேளுங்க.

இந்தத் தண்ணி எப்படி உப்பில்லாம இருக்குன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இன்னைக்குப் போற வழி முழுக்க இதே கதைதான். மழைத்தண்ணி மணல்ல இறங்கும். கீழ ஏற்கெனவே கடல்தண்ணி ஊறிக் கிடக்கும். நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கொஞ்சம் கனம், அதனால நல்ல தண்ணி மேல மிதக்கும். கணக்கு என்னன்னா, கடல்மட்டத்துக்கு மேல 1 அடிக்கு நல்ல தண்ணி நின்னா, கீழ கிட்டத்தட்ட 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். அதையே திருப்பிப் போடுங்க. மோட்டார் போட்டு இறைச்சு மேல 1 அடி குறைச்சா, கீழ இருந்து 40 அடி உப்பு ஏறி வரும். உடன்குடிப் பக்கம் கிணறு உப்பா மாறிப்போச்சுன்னு விவசாயிகள் வருஷக்கணக்கா சொல்றதுக்கு இதுதான் காரணம். அதனாலதான் இங்க கிணறு ஆழமா இருக்காது, மேலாப்புலதான் இருக்கும்.

குகைக்கு வர்றவங்க நேரம் பார்த்து வாங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல் ஏத்தம், அதிகம். அப்போ அலை பாறையடி வரைக்கும் ஏறும், பாசி பிடிச்ச கல்லு வழுக்கும். ரப்பர் செருப்பு இங்க சுத்தமா ஆகாது, வெறுங்காலே மேல். கடல்ல இறங்காதீங்க. இந்த முனையில அலை நல்லா எழும்பும்னுதான் சர்ஃபிங் பண்றவங்க தேடி வர்றாங்க. அவங்களுக்கு நல்ல இடம்னா நமக்கு ஆகாத இடம்னு அர்த்தம்.

வெளிச்சம்? காலையிலதான். சூரியன் கடல்ல இருந்து வரும், குகை வாசல்ல நேரா விழும். மேட்டுல ஏறித் திரும்பினா ஊர் முழுக்க முன்வெளிச்சத்துல தெரியும்: யாகப்பர் கோயில் கோபுரம், கருமேனியாறு கடல்ல சேர்ற கழிமுகம், வள்ளங்கள். சாயங்காலம் வந்தா அதே காட்சி எதிர்வெயில்ல கருப்பாத்தான் வரும். அஸ்தமனம் எடுக்கணும்னா அது வேற.

மேல கோயிலைப் பத்தி ஊர் சொல்ற கதை: புயல்ல மாட்டின போர்ச்சுகீசியக் கப்பல் ஒண்ணு, பாய்மரம் முறிஞ்சுபோச்சு. உயிர் தப்பினா அந்த மரத்துலயே சிலுவை செஞ்சு நடறேன்னு கப்பல் தலைவன் நேர்ந்துகிட்டானாம். திருவிழா செப்டம்பர் 1ல இருந்து 14 வரை. அந்த நாட்கள்ல கார் ஊருக்குள்ள போகாது, வெளியிலயே விட்டுட்டு நடக்கணும். அமைதியா பார்க்கணும்னா அந்த ரெண்டு வாரத்தை விட்டுடுங்க, கூட்டத்தோட பார்க்கணும்னா அந்த ரெண்டு வாரத்துக்கே வாங்க. இடைப்பட்ட வழி கிடையாது.

சரி, வழிக்கு வருவோம். தூத்துக்குடியில ஆரம்பிங்க. கடற்கரைச் சாலையில கன்னியாகுமரி வரைக்கும் சுமார் 130 கிலோமீட்டர். ஒரே நாள்ல பத்துக் கோயில்னு பட்டியல் போட்டுட்டு வர்றவங்களுக்குக் கடைசியில நினைவுல நிக்கிறது கார் ஜன்னல் மட்டும்தான். தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, இந்த நாலு போதும். மணப்பாட்டைக் காலையில பார்க்கணும்னா முந்தின நாள் ராத்திரி திருச்செந்தூர்ல தங்குங்க. ரயில் அதோட முடிஞ்சிடும், அதுக்குத் தெற்கே பஸ்தான். மணப்பாடு மெயின் ரோட்டுல இல்ல, உள்ள திரும்பணும். அதனால கன்னியாகுமரி பஸ்ல ஏறும்போதே ஊருக்குள்ள போகுமான்னு கண்டக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, இல்லன்னா விலக்குல இறங்கி வெயில்ல நடக்க வேண்டி வரும்.

தூத்துக்குடியில பனிமய மாதா பேராலயம். ஊர்ல பெரியவங்க தஸ்நேவிஸ் மாதான்னு சொல்றதைக் கேட்கலாம். 'பனியின்'ங்கிறதுக்கான போர்ச்சுகீசியச் சொல்லுதான் தமிழ் வாயில அப்படி ஆயிருக்கு. மாதா சுரூபம், அதாவது சிலை, 1555ல மணிலாவுல இருந்து கப்பல்ல வந்ததுன்னு மரபு. இப்ப நிக்கிற கோயில் 1713ல அர்ச்சிச்சது. 1982ல பசிலிக்கா ஆச்சு, அது போப் கொடுக்கற சிறப்புப் பட்டம். ஜூலை 26 கொடியேத்தம், ஆகஸ்ட் 5 திருவிழா. ஆனா தங்கத்தேர் வருஷா வருஷம் ஓடாது. 2013ல ஓடுச்சு, அப்புறம் 2023லதான். தேர் பார்க்கலாம்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்த வருஷம் தேர் உண்டான்னு விசாரிங்க. பலர் ஏமாறுறது இதுலதான்.

அங்கிருந்து பக்கத்துலயே டச்சுக்காரங்க 1750ல கட்டின பரிசுத்த திரித்துவ ஆலயம், இப்ப சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபையோடது. சின்னக் கட்டடம், அலங்காரம் அதிகம் இல்ல. ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்க. ஒண்ணு கத்தோலிக்கப் பரதவர் கோயில், இன்னொண்ணு போர்ச்சுகீசியரை விரட்டிட்டு வந்த சீர்திருத்தச் சபைக்காரங்க கோயில். பேச்சே வேண்டாம், சுவரே சொல்லிடும்.

ஆத்தூர்ப் பக்கம் பிரிஞ்சா புன்னைக்காயல், தாமிரபரணி முகத்துவாரம். போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் இருந்து வேலை செஞ்ச ஊர். 1578ல கொல்லத்துல தமிழ் எழுத்துல அச்சான தம்பிரான் வணக்கம்ங்கிற கிறிஸ்தவப் புத்தகம் அவரோடதுதான், மொத்தம் 16 பக்கம். பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க, ஆறும் கடலும் சேர்ற இடத்தைப் பார்க்கப் போங்க.

திருச்செந்தூர்ல ரெண்டு விஷயம். கோயிலுக்குள்ள செல்போன் கூடாது, ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணும். போனை ரூம்லயே வச்சிட்டு வந்தா ஒரு வரிசை மிச்சம். அப்புறம் நாழிக்கிணறு. கடல்ல குளிச்சிட்டு அங்க வந்து குளிக்கிறதுதான் முறை. படி இறங்கிப் போனா கிணத்துக்குள்ளேயே இன்னொரு குட்டிக் கிணறு. அலை அடிக்கிற இடத்துல இருந்து கூப்பிடுற தூரம்தான், தண்ணி நல்ல தண்ணி. மணப்பாட்டுக் குகையில பார்த்த அதே சங்கதி. அங்க சவேரியார், இங்க முருகன்.

டச்சுக்காரங்க இந்தக் கோயிலையும் விடல. 17ஆம் நூற்றாண்டு நடுவுல புகுந்து சிலையை எடுத்துட்டுப் போனாங்க, அப்புறம் வடமலையப்ப பிள்ளை கடல்ல இருந்து மீட்டார்னு மரபு. காலையில தூத்துக்குடியில பார்த்த டச்சுக் கோயிலை இப்ப ஒருதரம் நினைச்சுக்கோங்க.

அங்கிருந்து தெற்கே குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் தசரா நேரத்துல வந்தா ரோடு முழுக்க வேஷக்காரங்கதான், வண்டி ஊர்ந்துதான் போகும். இஸ்ரோவோட ரெண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினதும் இங்கதான். சின்ன ராக்கெட்டை இங்கிருந்து நேரா தெற்கே விடலாம், இலங்கையைச் சுத்திப் போக எரிபொருள் செலவாகாது. இந்தப் பக்கம் ஏவுதளம், அந்தப் பக்கம் கூடங்குளம். டிரோனை வீட்டுலயே வச்சிட்டு வாங்க.

கருப்பட்டி வாங்கணும்னா உடன்குடி. உடைச்சுப் பாருங்க. உள்ள சீனி மாதிரி பளபளன்னு மின்னினா கலப்படம்னு சந்தேகப்படுங்க.

உவரி. பேருலயே உவர் இருக்கு. அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைதான் கூட்டம், கும்பிட வர்றவங்க அன்னைக்கு வரட்டும், படம் எடுக்க வர்றவங்க வேற நாள் வாங்க. கப்பல் மாதா கோயில் கப்பல் வடிவத்துல இருக்கும், மேல விமானம். விமானம்னா கோயில் விமானம் இல்ல, நிஜ ஏரோப்ளேன் வடிவம். அழகான்னு கேட்டா எனக்கு இல்ல, ஆனா பார்க்காம வராதீங்க. கொஞ்சதூரத்துலயே சுயம்புலிங்க சாமி கோயில். நேர்ச்சைக்காரங்க கடல்மண்ணை ஓலைப்பெட்டியில அள்ளித் தலையில சுமந்து கரையில கொட்டுவாங்க, 11 பெட்டி, 41 பெட்டின்னு கணக்கு. நடுவுல புகுந்து வீடியோ எடுக்காதீங்க, ஈரமண் பெட்டி கனமா இருக்கும், அவங்களுக்கு வழி வேணும்.

எப்ப வரலாம்? ஜனவரி, பிப்ரவரி. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை கச்சான் காத்து, மணலை வாரி முகத்துல அடிக்கும். அப்போ வர்றவங்க லென்ஸை உடனே துடைக்காதீங்க. முதல்ல ஊதுங்க, அப்புறம் நல்ல தண்ணியில லேசா நனைச்ச துணியால ஒத்துங்க. காஞ்ச துணியால தேய்ச்சா மணல் கண்ணாடியைக் கீறும், உப்பு இன்னும் பரவும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் மழை. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டி, ரோடு, பாலம் எல்லாம் போச்சு. வானிலை பார்க்காம கிளம்பாதீங்க.

ஞாயித்துக்கிழமை கிறிஸ்தவ ஊர்கள்ல கடலுக்குப் போகமாட்டாங்க. வள்ளம் எல்லாம் கரையில நிக்கும், காலைப் பூசைக்கு ஊரே வரும். பூசை நடக்கும்போது பீடத்துப் பக்கம் கேமராவைத் தூக்காதீங்க, முடிஞ்சதும் சாமியார்கிட்ட கேளுங்க. வாசல்ல செருப்பு கிடந்தா நீங்களும் கழட்டுங்க.

ஓதம் ஏறுது, இதோ அலை ட்ரைபாட் கால் வரைக்கும் வந்துடுச்சு. பாட்டில்ல கிணத்துத் தண்ணி பிடிச்சிட்டு மேல ஏறிடறேன்.