நூலகம் எப்படிப் பூட்டப்படுகிறது? வீட்டு வரி ரசீதில் இருந்து பார்ப்போம்

[திரையில்: வீட்டு வரி ரசீது. ‘நூலக வரி’ என்ற இடத்தில் சிவப்பு வட்டம்.]

மதுரை மாநகராட்சியோ, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சியோ, கடைசியாகக் கட்டிய வரி ரசீதை எடுங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் இருக்கும். ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி 600 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 60 ரூபாய். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் கொடுத்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம்தான். ஆக, நூலகம் யாரும் போடும் தானம் இல்லை. அதற்கான காசை நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம்.

[திரையில்: வீடு, உள்ளாட்சி அலுவலகம், நூலக ஆணைக்குழு. மூன்றையும் இணைக்கும் அம்புக்குறி.]

வரியை வசூலிப்பது உள்ளாட்சி. அதை, மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். சிக்கல் இந்த இரண்டாவது அம்புக்குறியில். உள்ளாட்சியில் பணத் தட்டுப்பாடு வரும்போது தெருவிளக்குக் கட்டணம், சம்பளம் என்று அவசரச் செலவுகள் முந்திக்கொள்ளும். நூலகப் பங்கு பாக்கியாக நின்றுவிடும்.

[திரையில்: பாதி சாத்திய கதவு.]

ஒரு கிளை நூலகத்தை மூட உத்தரவு வர வேண்டும் என்பதே இல்லை. நூலகர் ஓய்வு பெறுவார், பணியிடம் நிரம்பாது. பக்கத்து ஊர் நூலகருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுப்பார்கள். ஒருவர் இரண்டு ஊரைப் பார்த்தால் ஒரு ஊரில் கதவு சாத்தித்தான் இருக்கும். இரண்டு தடவை வந்து திரும்பியவர் மூன்றாம் தடவை வரமாட்டார். வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியும். அந்த எண்ணிக்கையைக் காட்டியே, “யாரும் வருவதில்லையே” என்பார்கள். காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கும் இந்தப் புள்ளியில்தான் பல ஊர் நூலகங்கள் நம் கையை விட்டுப் போகின்றன.

பூட்டிய கட்டடம் சும்மாவும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை ஒழுகும். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், இராமபாணப் பூச்சி வரும்; சுவர் வழியாகக் கரையான் ஏறும். அலமாரியைச் சுவரில் இருந்து அரையடி தள்ளி வைத்து, கீழ்த்தட்டைத் தரையில் இருந்து நான்கு விரற்கடையாவது உயர்த்தி, தினமும் ஜன்னலைத் திறந்தால் பெரும்பகுதியைத் தடுக்கலாம். ஆனால் திறக்க ஆள் வேண்டுமே!

“மதுரையில்தான் பெரிய நூலகம் வந்துவிட்டதே” என்று சிலர் சொல்வார்கள். 2023 ஜூலை 15-ல் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெருமைக்குரியது, சந்தேகமே இல்லை. ஆனால் உசிலம்பட்டியில் இருந்து மதுரைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பத்து வயதுப் பிள்ளை தனியாக பஸ் ஏறி வருமா? குரூப் 4-க்குப் படிக்கும் பெண்ணுக்குத் தினமும் தேவை மூன்று நாளிதழும் ஒரு மேசையும், வீட்டில் இருந்து நடக்கிற தூரத்தில். 1931-லேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். வாசகர் இருக்கும் இடத்துக்கு நூல் போக வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது.

[திரையில்: வருகைப் பதிவேட்டில் கையெழுத்து.]

சரி, என்ன செய்யலாம்? பேப்பர் மட்டும் பார்த்துவிட்டுப் போனாலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். போடாத வாசகர் கணக்கில் இல்லாத வாசகர். உறுப்பினராகி வீட்டுக்குப் புத்தகம் எடுங்கள். அந்த எண்ணிக்கையும் ஒரு சாட்சி. வசதி உள்ளவர்கள் 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரலாம்.

அடுத்தது தகவல் அறியும் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒரே நாளில் இரண்டு மனு போடுங்கள். உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலரிடம், கடந்த ஐந்து ஆண்டில் ஆண்டுவாரியாக வசூலான நூலக வரி, ஆணைக்குழுவுக்குச் செலுத்திய தொகை, செலுத்திய தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். மாவட்ட நூலக அலுவலகத்தில், அதே உள்ளாட்சியிடம் இருந்து வந்த தொகையையும், உங்கள் நூலகத்தில் நிரப்பாத பணியிடத்தையும் கேளுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். “ஏன் அனுப்பவில்லை” என்று கேட்காதீர்கள். விளக்கம் தர முடியாது என்று தட்டிவிட அது வசதி. பதிவேட்டு நகலாகவே கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கையில் கணக்கு கிடைத்ததும் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். “நூலகத்தை மேம்படுத்த வேண்டும்” என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் வேலை இல்லை. நிலுவை இவ்வளவு ரூபாய், காலிப் பணியிடம் ஒன்று, கூரைப் பழுது என்று தனித்தனியாகத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போடுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் நூலக அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.