ஊட்டிக் குக்கரில் 121 ஏன் வரவில்லை?

வணக்கம் மக்களே. போன வீடியோவில் காளான் வித்துக்குச் சோளப் பைகளை அவித்தபோது, கிருமி நீக்கத்துக்கு வேண்டிய 121 டிகிரி வராமல் மீட்டர் 117-லேயே நின்றதைக் காட்டினேன் இல்லையா? சூட்டை அளந்தது தெர்மோகப்பிள், அதாவது இரண்டு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்து, அவற்றில் உருவாகும் மின்னழுத்தத்தை மீட்டரில் டிகிரியாகக் காட்டும் கருவி. கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: “15 பவுண்டு அழுத்தம் வைத்தால் 121 டிகிரிதான். பிரஷரில் தெர்மோகப்பிள் தப்பாகக் காட்டும், தூக்கிப் போடுங்கள்.” அதற்கு லைக் வேறு குவிந்திருக்கிறது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அழுத்தம் தெர்மோகப்பிளைப் பாதிக்கும் என்பது பொய்யில்லை. உயர் அழுத்த ஆய்வுக்காக 1946-ல் நோபல் வாங்கிய பிரிட்ஜ்மன், 1918-லேயே இதை அளந்து எழுதிவிட்டார். 1970-ல் கெட்டிங், கென்னடி இருவரும் 35 கிலோபார் வரை போய்ப் பார்த்தார்கள். அங்கே பிளாட்டினம்-ரோடியம் ஜோடி உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும். ஆனால் அது வெளிக்காற்றைப் போல சுமார் முப்பத்தைந்தாயிரம் மடங்கு அழுத்தம். நம் குக்கருக்குள் இருப்பது கடல் மட்டக் காற்றைப் போல இரண்டு மடங்குகூட இல்லை! அதில் என் கே டைப் (தெர்மோகப்பிளில் ஒரு வகை) கம்பி நான்கு டிகிரி குறையுமா? வாய்ப்பே இல்லை.

சரி, அந்த நான்கு டிகிரி எங்கே போனது? குக்கரின் அழுத்தமானியை, அதாவது கேஜைப் பாருங்கள். வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான் அது சொல்லும். கடல் மட்டத்தில் வெளிக்காற்று சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. ஊட்டி 2240 மீட்டர் உயரம், இங்கே 11 பவுண்டு சொச்சம்தான். அதோடு 15-ஐக் கூட்டினால் மொத்தம் 26 பவுண்டு. அந்த அழுத்தத்தில் நீராவி ஏறக்குறைய 117 டிகிரிதான் இருக்கும். மீட்டர் சொன்னதும் அதையேதான்.

ஆங், சொல்ல மறந்துவிட்டேன், கம்பியை முதலில் ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யத்தை ஒட்டித்தான் நின்றது. கொதிக்கிற தண்ணீரில் 92.5. இந்த உயரத்துக்கு அது சரி. சாதாரண கே டைப்புக்கு இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வரை பிழை அனுமதி உண்டு. எனக்கு வந்தது நல்ல கம்பி.

இப்போது கிளாண்ட் கதை. மூடியில் துளை போட்டு நீராவி கசியாமல் கம்பியை நுழைக்க, உள்ளே ஒரு வளையத்தை இறுக்கிக் கம்பியைப் பிடிக்கும் காம்ப்ரஷன் கிளாண்ட் வேண்டும். கட்டைவிரல் அளவு பித்தளை, விலை 650 ரூபாயாம்! கோயம்புத்தூர் வரை இறங்கி, கடைக்காரரிடம் மல்லுக்கட்டி 520-க்கு வாங்கினேன். டெஃப்லான் வளையம் தனியாக 40 ரூபாய் என்றார். அதையும் சும்மாவே வாங்கிவிட்டேன், அதுதான் இந்த வாரத்தின் சாதனை. நூல் சுற்றிய கம்பியை மட்டும் நுழைக்காதீர்கள், எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. நீராவி அந்தப் பின்னலுக்குள் ஊர்ந்து வெளியே சொட்டும். ஸ்டீல் உறை போட்ட மூன்று மில்லிமீட்டர் கம்பிதான் சரி.

தெர்மோகப்பிள் கம்பியை மூடியோடு நிறுத்தி, அங்கிருந்து மீட்டர் வரை செப்புக் கம்பி போட்டால் மிச்சமாகுமே என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. மின்னழுத்தம் நுனியில் உருவாவதில்லை, சூட்டிலிருந்து குளிருக்குப் போகும் கம்பியின் நீளம் முழுக்க உருவாகிறது. கொதிக்கிற மூடியில் செப்பை இணைத்தால், மூடிக்கும் மீட்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அப்படியே கணக்கிலிருந்து விடுபட்டுவிடும். மீட்டர் ரொம்பவே குறைத்துக் காட்டும்.

அப்புறம், வெயிட் போடும் முன், உள்ளிருக்கும் காற்று வெளியேற நான் நீராவியை நன்றாகச் சீற விடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். பாதிக் காற்று உள்ளேயே தங்கினால் கடலோரத்தில்கூட 15 பவுண்டில் 112 டிகிரிதான் வரும்.

அதற்காக ஊட்டிக்காரர்கள் 18 பவுண்டுக்கு ஏற்றாதீர்கள். பாத்திரத்தில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டவே கூடாது. நேரத்தைக் கூட்டுங்கள்: 121-ல் ஒரு மணி நேரம் என்றால் 117-ல் இரண்டரை. காஸ் செலவைக் கேட்காதீர்கள். பையின் நடுவில் நுனியைக் குத்தி அளப்பது அடுத்த வீடியோ. கிளாண்ட் வாங்கினால் டெஃப்லான் வளையம்தான், பித்தளை வளையத்தை ஒருமுறை இறுக்கினால் கம்பியை விடவே விடாது.